அறிவியற் படக்கதை ஓவியர் மூவர்

தோற்றுவாய்

கொங்கு நாட்டிற் படக்கதை படித்து வளர்ந்த ஒருவரை நோக்கி, ‘உமக்கு மிக விருப்பமான படக்கதை ஓவியர் யார்?’ என்று வினவினால், அவர் பெரும்பாலும் ஓவியர் எவர் பெயரையும் கூறார். ‘இரும்புக்கை மாயாவி’ என்பார், ‘ஸ்பைடர்’ என்பார், ‘ஆர்ச்சி’ என்பார். வினா ஓவியரைப் பற்றியது. விடையோ கதைத்தலைவனைப் பற்றியது. இதனை அறியாமையெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், ‘மாயாவியிடம் உம்மைக் கவர்ந்தது யாது?’ என்று மேலும் கேட்டால், அவர் கதைநிகழ்ச்சிகளைக் காட்டிலும் காட்சிகளையே மிகுதியாக எடுத்துரைப்பார். இருளில் உடலின்றித் தனியே மிதந்து வரும் எஃகுக் கை, அதனைக் கண்டு விழி பிதுங்கி நிற்கும் காவலன், மின்கம்பியைப் பற்றிய கணத்தில் உடலைச் சூழ்ந்து தெறிக்கும் வெண்கோடுகள் என்பனவே அவர் நினைவில் நிற்பன. நிகழ்ச்சி மறந்து போயிருக்கும்; கோடு மறந்திராது. எனவே அவர் ஓவியர் ஒருவரைத்தான் விரும்பி வந்துள்ளார். பெயரறியாமலே விரும்பி வந்துள்ளார் என்பதே வேறுபாடு.

அவ்விருப்பம் எதன்பாற்பட்டது, அதற்குரியார் யாவர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழில் மிகுதியும் படிக்கப்பெற்ற அறிவியற் படக்கதைகளுள் மூன்றனையும் அவற்றை வரைந்த ஓவியர் மூவரையும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

நம் வார இதழ்களின் மரபு இதற்கு மாறானது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் மணியம் என்பதைத் தமிழ்நாடு அறிந்திருந்தது. கோபுலு, சில்பி என்னும் கையொப்பங்கள் வீட்டுப் பெயர்கள்போல் வழங்கின. பிற்காலத்தில் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எவ்வுருவில் வாசகர் மனத்திற் பதிந்தனர் என்று கேட்டால், ஓவியர் ஜெயராஜின் பெயரைக் கூறாது விடையிறுத்தல் அரிது. எழுத்தாளரை ஒட்டி ஓவியரையும் பெயர் சுட்டிப் போற்றிய இம்மரபு, ஓவியமே உயிராய் நிற்கும் படக்கதைக்கு வந்தபோது வாய் மூடி நின்றது. ஓவியம் துணையாய் நின்ற இடத்தில் ஓவியர் பெயர் பெற்றார். அது முதலாய் நின்ற இடத்திற் பெயரிழந்தார். இம்முரண்பாடு ஆராய்தற்குரியது.

கதைகள் வந்த வழி

இலண்டனில் 1962 அக்டோபரில் தோன்றிய ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழில் ‘எஃகு நகம்’ என்னும் பொருள்படும் தலைப்பிற் கதையொன்று தொடங்கிற்று. தொடக்கத்தில் அதனை எழுதியவர் கென் புல்மர். பின்னர் நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரத்தவராகிய ஹெசூஸ் பிளாஸ்கோ (1919 - 1995). கதைத்தலைவன் லூயி கிராண்டேல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்றவன். மீண்டும் நேர்ந்த விபத்தில் மின்சாரம் அவனுடலிற் பாய, எஃகுக் கை ஒன்றொழிய உடல் முழுதும் கண்ணுக்குப் புலனாகாது மறைகின்றது. மறைவு சிறிது நேரமே நிற்கும். மீண்டும் மறைய வேண்டின் மீண்டும் மின்சாரத்தைத் தீண்டவேண்டும். முதலிற் குற்றவாளியாக அலைந்த இவன், பின்னர் அரசின் மறைவுப்படை ஒன்றிற் சேர்ந்து நல்வழிப்படுகின்றான். அப்படையே தமிழில் ‘நிழற்படை’ எனப் பெயர் பெற்றது.

‘லயன்’ என்னும் மற்றோர் ஆங்கில வார இதழ் 1952இல் தோன்றியது. அவ்விதழின் தொடக்கத்திலேயே இடம்பெற்ற இயந்திர மனிதன் ஆர்ச்சி. அவனை நெடுங்காலம் வரைந்தவர் டெட் கியரன். அதே இதழில் 1965இல் தோன்றியவன் ஸ்பைடர். குற்றவுலகின் பேரரசனாக விரும்பிப் பின்னர்க் குற்றவாளிகளை ஒடுக்குபவனாக மாறிய இவனை வரைந்தவர் ரெஜ் பன். அவர் 1971இல் மறைந்தார். ஸ்பைடரைத் தோற்றுவித்தவர் டெட் கோவன். பின்னர் அதனை எழுதியவர் ஜெர்ரி சீகல். அமெரிக்காவின் சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர் அவர்.

தமிழில் இவற்றுக்கு வாயில் திறந்தது சிவகாசி. சௌந்தரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸ் 1972 ஜனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தன் முதல் வெளியீடாகக் கொண்டு வந்தது. அதன் தொடக்கக் காலத்து ஆசிரியராய் இருந்தவர் முல்லை தங்கராசன். ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாம்புத் தீவு’ முதலிய மாயாவி கதைகள் தொடர்ந்தன. சௌந்தரபாண்டியனின் மைந்தர் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தொடங்கிற்று. ஸ்பைடரும் ஆர்ச்சியும் தமிழரிடைப் பரவியது அதன் வாயிலாகவே.

அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் வார இதழ்கள் ஓவியர் பெயரையோ கதையாசிரியர் பெயரையோ பொதுவாக அச்சிடுவதில்லை. 1977இல் தோன்றிய ‘2000 ஏடி’ என்னும் இதழே அவ்வழக்கத்தை மாற்றி, படைத்தோர் பெயரைக் கதைதோறும் இடும் முறையை நிலைநிறுத்தியது. அங்கே பெயரின்றி வந்த ஓவியம் இங்கும் பெயரின்றியே வந்தது. ஆதலின் இக்குறை சிவகாசியிற் பிறந்ததன்று, இறக்குமதியானது.

மெய்ப்பாடும் ஓவியமும்

படக்கதை ஓவியத்தை மதிப்பிடுதற்குப் புதிய அளவுகோல் தேடி நாம் அலையவேண்டுவதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் நமக்குண்டு. உள்ளத்து நிகழ்வது உடலின் வழியாகப் பிறர்க்குப் புலப்படுதலே மெய்ப்பாடு. நாடகத்துக்கும் செய்யுளுக்கும் உரியதாக உரையாசிரியர்கள் விரித்த இக்கோட்பாடு, ஓவியத்துக்கு இன்னும் நெருங்கிப் பொருந்துவது. ஓவியத்திற் காணப்படுவது மெய் ஒன்றே. குரலில்லை, நடையில்லை, காலமும் இல்லை. நிலைத்த ஒரு கணத்தின் மெய்யைக் கொண்டு ஓடுகின்ற உள்ளத்தைக் காட்டுதல் ஓவியர் கடன்.

இவ்வளவுகோலை அறிவியற் படக்கதையின்பாற் செலுத்தும்போது ஒரு வியப்பு நேர்கின்றது. நாம் எடுத்துக்கொண்ட கதைத்தலைவர் மூவருமே மெய்ப்பாட்டுக்குத் தடையாய் அமைந்தவர்கள். மாயாவிக்கு மெய்யே இல்லை, மறைந்துவிடுகின்றது. ஆர்ச்சிக்கு மெய் உண்டு, ஆயின் அஃது இரும்பு, முகம் மாறாது. ஸ்பைடருக்கோ முகம் மிகையாய் அமைந்தது. ஒரே உணர்ச்சியிற் செதுக்கப்பெற்ற பொய்ம்முகம்போல் விளங்குவது. மெய்யின்மை, மாறாமை, மிகை என்னும் மூன்று தடைகளை மூன்று ஓவியர் எவ்வாறு கடந்தனர் என்பதிலேதான் இவர்தம் தனித்திறன் அடங்கியுள்ளது. வாசகரின் விருப்பம் வேர் கொண்டதும் அங்கேயே என்பது எம் துணிபு.

பொறியின் வியப்புத் தமிழர்க்குப் புதிதன்று. சீவகசிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயைக்கு அமைத்த மயிற்பொறியையும், கொங்குவேளிர் பெருங்கதையில் உதயணன் சிறைப்படக் காரணமாகிய பொறியானையையும் நாம் அறிவோம். பின்னவர் பெயரே அவர் கொங்கு நாட்டவர் என்று காட்டும். ஈரோட்டை அடுத்த விசயமங்கலம் அவரூர் என்பர். மருட்கை, அஃதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினடியாகப் பிறக்குமென்பது மெய்ப்பாட்டியலின் கொள்கை. அறிவியற் கதையின் வியப்பு இவற்றுள் புதுமையினடியாகவும் ஆக்கத்தினடியாகவும் பிறப்பது. ஆயின் காப்பியத்தில் அவ்வியப்பைச் சொல் பிறப்பித்தது. படக்கதையிற் கோடு பிறப்பிக்கவேண்டும். சொல், பொறியை ஓரளவு கூறி எஞ்சியதைக் கேட்போர் கற்பனைக்கு விடலாம். கோட்டுக்கு அவ்வுரிமை இல்லை. திருகாணி எங்குள்ளது, கம்பி எங்கே செல்கின்றது என்பவற்றையும் அது காட்டியாகவேண்டும்.

பிளாஸ்கோ: மெய்யற்ற மெய்ப்பாடு

கதைத்தலைவன் மறைந்துபோகும் கதையை வரைய ஏற்றுக்கொண்ட ஓவியர் எத்துணைப் பெரிய இடரை ஏற்றுக்கொண்டார் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். கதையின் உச்சமான இடங்களிலெல்லாம் தலைவன் கட்டத்துக்குள் இல்லை. கை ஒன்றே உண்டு. முகமும் தோளும் நடையும் இன்றி அச்சத்தையும் வெகுளியையும் பெருமிதத்தையும் எவ்வாறு காட்டுவது?

பிளாஸ்கோ இதற்கு மூன்று வழிகளைக் கையாண்டார். முதலாவது, கைக்கே முகத்தின் தொழிலைத் தந்தமை. அவர் வரைந்த எஃகுக் கை வெறும் உறையன்று. கணுக்கள் தனித்தனியே மடங்கும். விரல்கள் விரிந்தும் குவிந்தும் நிற்கும். மேசைமீது ஓய்ந்து கிடக்கும்போது களைப்பையும், கழுத்தை நோக்கி நீளும்போது வெகுளியையும், கதவின் பிடியருகே தயங்கும்போது ஐயத்தையும் அது புலப்படுத்தும். பரதநூலார் கைக்கு முத்திரை வகுத்தனர்; அம்முத்திரைகளுக்குக் கண்ணும் முகமும் துணை நிற்கும். பிளாஸ்கோவின் கைக்கு அத்துணை இல்லை. துணையின்றியே அது பேசுகின்றது.

இரண்டாவது, மெய்ப்பாட்டை இடமாற்றியமை. தலைவன் முகம் மறையுமிடத்திற் காண்போர் முகம் பெரிதாகின்றது. காவலனின் திறந்த வாய், கணக்கனின் வியர்த்த நெற்றி, தெருவில் நிற்போரின் திரும்பிய தலைகள் இவையெல்லாம் காணப்படாத ஒருவனைச் சுற்றி வரையப்பட்ட எல்லைக்கோடுபோல் அமைகின்றன. அவன் எங்கே நிற்கின்றான் என்பதைப் பிறர் கண்கள் நமக்குச் சுட்டுகின்றன. அகப்பாடலில் தலைவன் பேசாத இடத்துத் தோழி கூற்றால் அவன் நிலை விளங்குவது போன்றதே இது. சிறு மாந்தரையும் பிளாஸ்கோ ஒருபோதும் பொம்மையாக வரையாமைக்குக் காரணம் இதுவே. அவர்கள் முகம் பொய்யாயின், மாயாவியும் பொய்யாகிவிடுவான்.

மூன்றாவது, கருமையை ஆண்டமை. பிளாஸ்கோவின் கட்டங்களில் இருள் என்பது வண்ணமற்ற வெற்றிடமன்று, அஃதோர் இடம். தூரிகையால் அகன்று பரந்த கருமையும், அதனூடே பேனாமுனையால் எடுக்கப்பெற்ற நுண்கோடும் அருகருகே நிற்கும். மறைந்தவன் அக்கருமையில் எங்கோ உளன் என்னும் உணர்வு படிப்போரை விட்டு நீங்காது. ஒளியைத் தருவது பெரும்பாலும் அவ்வெஃகின் விளிம்பு ஒன்றே.

இம்மூன்று வழிகளும் கூடித் தொழிற்படுவதால், மாயாவியின் தொடக்கக் கதைகளில் இளிவரல் என்னும் மெய்ப்பாடு சிறந்து நிற்கின்றது. உறுப்பிழந்தவன் பிறர் பார்வையில் எய்தும் இழிவையும், அதனாற் பிறக்கும் கசப்பையும் பிளாஸ்கோ கிராண்டேலின் குழிந்த கன்னத்திலும் தாழ்ந்த தோளிலும் முன்னரே வரைந்து வைத்துவிடுகின்றார். எனவே அவன் குற்றவாளியாகும்போது நாம் வெறுப்பதில்லை, இரங்குகின்றோம். எழுத்தாளர் ஒரு வாக்கியத்திற் கூறிக் கடந்ததை ஓவியர் பக்கந்தோறும் நிலைநிறுத்தியுள்ளார்.

குறையும் கூறவேண்டும். கதை வளர வளர எஃகுக் கைக்குள் துப்பாக்கியும் வானொலியும் பிற கருவிகளும் அமைக்கப்பெற்றன; ஒரு காலத்தில் தலைவனுக்குத் தனியுடையும் தைத்தார்கள். கை கருவிப்பெட்டியான அளவுக்கு அதன் மெய்ப்பாடு குறைந்தது. விரல் துப்பாக்கியானபின் அது தயங்குவதில்லை, சுடுகின்றது. இம்மாற்றம் எழுத்தின்பாற்பட்டதேயாயினும் ஓவியமும் அதனோடு ஓரளவு வறண்டது என்பதை மறைத்தற்கில்லை. பெண்மாந்தர் அருகியே வருதலும், வருமிடத்தும் அவர்க்குத் தனித்தன்மை இன்மையும் மற்றொரு குறை.

பன்: மிகையின் ஒழுங்கு

ஸ்பைடரின் முகத்தை ஒருமுறை கண்டோர் மறவார். கூரிய செவி, மேலெழும்பிய புருவம், நெற்றியிற் கூராக இறங்கும் கருமுடி, ஒடுங்கிய கன்னம் ஆகியவற்றோடு அது தீயோன் முகமாகவே அமைக்கப்பட்டது. தலைவன் பின்னர் நல்வழிக்கு வந்தபோதும் முகம் மாறவில்லை. தறுகண்மையினடியாகப் பிறக்கும் பெருமிதம் ஒன்றே அம்முகத்தின் நிலைத்த மெய்ப்பாடு. ஒரே மெய்ப்பாட்டுடன் நூற்றுக்கணக்கான கட்டங்களை நிரப்பினால் சலிப்பே எஞ்சும்.

ரெஜ் பன் அச்சலிப்பை வென்றது தலைவனைச் சூழ்ந்த உலகினால். அவருடைய கோடு நுண்ணியது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பெற்றது. சுவரின் கல்லும், இயந்திரத்தின் உருளையும், துணியின் மடிப்பும் ஒரே பின்னலிலிருந்து எழுவனபோல் தோன்றும். ‘கடத்தல் குமிழிகள்’ போன்ற கதைகளில் நம்பவியலாத பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எழுத்தளவில் அவை நகைப்புக்கிடமானவை. ஆயின் பன் அவற்றைத் தச்சர் அளந்தமைப்பதுபோல் அளந்து வரைகின்றார். பொருத்துவாய் இல்லாத பொறி அவரிடம் இல்லை. மிகைக்கு ஒழுங்கு சேர்ந்தபோது நகை நீங்கி மருட்கை பிறக்கின்றது. ஸ்பைடரின் துணைவராகிய ஆர்டினியும் பெல்ஹாமும் அச்சமும் ஐயமும் பொறாமையும் மாறி மாறிக் காட்டும் முகத்தினர். தலைவன் முகம் மாறாமையை இவ்விருவர் முகமாற்றம் ஈடுசெய்கின்றது.

கியரன்: மாறா முகம்

ஆர்ச்சியைத் தமிழ் வாசகர் ‘சட்டித்தலையன்’ என்று அன்போடு வழங்கினர். தற்புகழ்ச்சி மிக்க இவ்வியந்திர மனிதன் டெட், கென் என்னும் நண்பர் இருவருடன் காடும் மலையும் சுற்றுகின்றான். பின்னர், கோட்டை வடிவில் அமைந்த பொறியிலேறிக் காலத்தையே கடந்து செல்கின்றான். முகமோ வாளி கவிழ்த்தது போன்றது. கண்ணும் வாயும் அசையா.

கியரன் முகத்தைத் தொடவில்லை, நிலையை மாற்றினார். மார்பை முன்தள்ளி நிற்றல், சேற்றில் மல்லாந்து கிடத்தல், கையைத் தொங்கவிட்டு ஒருபால் சாய்தல் என்னும் உடல் நிலைகளால் பெருமிதமும் இளிவரலும் நகையும் தோன்றுகின்றன. வாய் பெருமை பேசும். உடல் பள்ளத்தில் விழும். இம்முரணே ஆர்ச்சி கதையின் நகைச்சுவை. கியரனின் கோடு எளியது; பிளாஸ்கோவின் ஆழமோ பன்னின் நுணுக்கமோ அதற்கில்லை. எனினும் எளிமைக்கு ஒரு பயன் உண்டு. ஆங்கில வார இதழின் அகன்ற பக்கத்துக்கென வரைந்த கட்டங்கள் தமிழிற் சிறிய அளவுக்குச் சுருக்கப்பட்டன. அச்சுருக்கத்திற் பன்னின் நுண்பின்னல் ஆங்காங்கே மைத்திட்டாக இறுகியது. பிளாஸ்கோவின் பரந்த கருமை தாங்கி நின்றது. கியரனின் கோடு ஒரு சேதமுமின்றித் தப்பியது. தமிழ் வாசகர் கண்டது மூலத்தையன்று, சுருங்கிய படியையே என்பதை மதிப்பீட்டில் மறத்தலாகாது.

கொங்கு நாடும் மின்சாரமும்

இவ்வோவியங்கள் தமிழகம் எங்கணும் படிக்கப்பெற்றன. ஆயினும் கொங்கு நாட்டு வாசகர்க்கு அவை தந்த பொருள் சற்று வேறானது என்று கருதுகின்றோம். நீலமலையிற் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின், கோவையில் நூலாலைகள் பெருகின. அவற்றை ஒட்டி வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் மோட்டார்த் தொழிலும் வளர்ந்தன. கிணற்றடியில் எருது பூட்டிக் கவலை இறைத்த உழவர் மின்மோட்டாருக்கு மாறினர். ஜி. டி. நாயுடு (1893 - 1974) போன்றோர் வாழ்ந்து, பொறியறிவைப் பொதுமக்கள் பேச்சாக்கிய ஊர் இது. ஆதலின், 1972இல் மாயாவியைக் கையிலெடுத்த கோவைச் சிறுவனுக்கு மின்சாரம் கதைப்பொருளன்று. தோட்டத்து மோட்டார் அறையின் சுவரில் மண்டையோடும் எலும்பும் எழுதிய பலகையாக அவன் நாள்தோறும் கண்ட பொருள். தொடாதே என்று வீட்டார் விலக்கியதைத் தொட்டுத் தொட்டு வல்லமை பெறும் ஒருவனைப் பிளாஸ்கோ வரைந்து காட்டினார்.

இதனினும் ஆழமானது மற்றொன்று. தறியிலும் பட்டறையிலும் விரலிழந்தோர், கையிழந்தோர் தொழில்நகர்களில் அரியரல்லர். இயந்திரத்தால் உறுப்பிழத்தல் கோவைக்குக் கற்பனையன்று. இழந்த கைக்கீடாக எஃகுக் கை பெற்று, முதலிற் கசந்து, பின்னர்த் தேறியவன் கதை இங்கே வெறும் வியப்பாக மட்டும் படிக்கப்பட்டிராது. அவ்விழப்பின் கசப்பைப் பிளாஸ்கோ பொய்யின்றி வரைந்தார் என்று மேலே கூறினோம். மாயாவி இங்கு வேரூன்றியமைக்கு அப்பொய்யின்மையும் ஒரு காரணமாதல் கூடும். ஸ்பைடரும் ஆர்ச்சியும் வியப்பையும் நகையையும் தந்தனர். மாயாவி இரக்கத்தையும் சேர்த்துத் தந்தான். மூவருள் முதலிடம் பிளாஸ்கோவுக்கே உரியது என்று யாம் துணிதற்கு இதுவே அடிப்படை.

மறுப்பும் விடையும்

இங்கு இரு மறுப்புகள் எழும். முதலாவது, இவ்விருப்பம் இளமை நினைவின் இனிமையேயன்றி ஓவியத்தின் மதிப்பாலன்று என்பது. இதனைச் சோதித்தற்கு ஒரு வழியுண்டு. இலண்டன் ஃப்ளீட்வே நிறுவனம் 1967இல் தொடங்கிய சிறுநூல் வரிசையில் மாயாவியையும் ஸ்பைடரையும் வேறு ஓவியர்கள் வரைந்தனர். தலைவன் அவனே, எஃகுக் கையும் அதுவே, ஆயின் வரைந்த கை வேறு. இருவகையையும் அடுத்தடுத்து வைத்துக் காண்போர்க்கு வேறுபாடு உடனே தோன்றும். பிறர் வரைந்த கை பொருளாய் நிற்கின்றது. பிளாஸ்கோவின் கை ஆளாய் நிற்கின்றது. விருப்பம் தலைவனுக்கே உரியதாயின் இரண்டும் ஒருதன்மையவாய் இனித்தல் வேண்டும், அங்ஙனம் இனிப்பதில்லை. இளமை நினைவு ஓவியத்தைக் காத்து வைத்தது என்பது உண்மை. ஓவியத்தைப் படைத்தது நினைவன்று.

இரண்டாவது, ஆங்கிலேயரும் ஸ்பானியரும் வரைந்தவை தமிழாய்வுக்கு உரியனவோ என்பது. வாண்டுமாமா எழுதி ஓவியர் செல்லம் வரைந்த படக்கதைகள் போலத் தமிழிலேயே பிறந்தவை முதற்கண் ஆராயப்பெறவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் மொழிபெயர்ப்பை ஆராய்வதை நாம் ஒருபோதும் அயலெனத் தள்ளியதில்லை. படக்கதையிற் சொல் மட்டுமே பெயர்க்கப்படுகின்றது. படம் பெயர்க்கப்படாமல் அப்படியே வருகின்றது. மேலும், வாரந்தோறும் இரண்டு பக்கமாக வந்த தொடர், தமிழில் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டது. வாரத்தின் இறுதிக் கட்டத்தில் வாசகனை ஏழு நாள் காத்திருக்கச் செய்யவென்று ஓவியர் அமைத்த திடுக்கீடு, தமிழ் நூலிற் பக்கம் புரட்டும் கணத்தின் திடுக்கீடாயிற்று. கதையின் விரைவு இதனாற் கூடியது. அட்டைகளைத் தமிழ்நாட்டு ஓவியர்களே தீட்டினர். லயன் காமிக்ஸ் அட்டைகளிற் பலவற்றைத் தீட்டிய மாலையப்பன் அவர்களுள் ஒருவர். உள்ளே பார்சிலோனாக் கருமையும் வெளியே சிவகாசி வண்ணமும் சேர்ந்த அந்நூலைத் தமிழ் நூல் என்று கொள்ளாமல் வேறென்னவென்று கொள்வது?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: அறிவியற் படக்கதையின் தலைவர்கள் இயல்பிலேயே மெய்ப்பாட்டுக்குத் தடையாய் அமைந்தவர்கள். அத்தடையைப் பிளாஸ்கோ கையாலும் பிறர் முகத்தாலும் கருமையாலும் கடந்தார். பன் சூழலின் ஒழுங்காற் கடந்தார். கியரன் உடல் நிலையாற் கடந்தார். வாசகரின் விருப்பம் தலைவன் பெயரால் வழங்கினும் ஓவியரின் தொழிலையே பற்றி நின்றது.

மேலை நாட்டார் இக்கடனை ஓரளவு தீர்க்கத் தொடங்கியுள்ளனர். மாயாவி, ஸ்பைடர் ஆகியோரின் தொடக்கக் கதைகளை இலண்டன் டைட்டன் பதிப்பகம் 2005இல் தனி நூல்களாக வெளியிட்டபோது அவற்றை வரைந்தோர் பெயர்கள் நூலில் இடம்பெற்றன. தமிழிலும் வாசகரிடையே விழிப்புத் தோன்றியுள்ளது. 2005 முதல் நடைபெற்று வரும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டிப் படக்கதை வாசகர் கூடி அளவளாவியதுண்டு. அத்தகைய கூட்டங்களில் பிளாஸ்கோ என்னும் பெயர் இன்று அயற்பெயரன்று. நூலகங்களே பின்தங்கியுள்ளன. படக்கதை நூலுக்குப் பட்டியல் எழுதுமிடத்துத் தலைப்பும் பதிப்பகமும் ஆண்டும் குறிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றோம். ஓவியர் பெயருக்கென ஓர் இடம் அப்பட்டியலில் வகுத்தல் வேண்டும். பெயர் நூலில் இல்லையெனின், கோட்டைக் கொண்டு ஓவியரை அறிந்து எழுதுதல் ஆய்வு மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. ஓலைச்சுவடியில் பெயரற்ற பாடலை நடைகொண்டு ஆராய்ந்த துறைக்கு இது புதிய பயிற்சியன்று. 1972இல் அச்சான தாள் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கிவிட்டது, காலம் தாழ்த்துவதற்கில்லை.

கை மட்டும் தெரிய உடல் மறைந்து நின்றவன் மாயாவி. கைவண்ணம் மட்டும் தெரியப் பெயர் மறைந்து நின்றவர் அவனை வரைந்தவர். மாயாவியின் மறைவு சிறிது நேரத்தில் நீங்கும் இயல்பினது. ஓவியரின் மறைவு தானே நீங்காது. அதனை நீக்குவது நம் கடன்.